கண்ணுக்கு எட்டிய தங்காரா

வெள்ளிக்கிழமை மத்தியானம் ருபியேலா தன் வீட்டு முற்றத்தை மொட்டையடித்தாள். வேலியோரம் முழங்கால் உயரம் நின்ற புல், கோழிக்கூட்டுக்குப் பின்னால் கதிர் தள்ளிக் கிடந்த புல், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கொலம்பியாவின் லா கார்மேலியா மலையூரில் அதுதான் வழக்கம். பாதிரியார் வந்தாலும் சரி, ஓட்டுப்பெட்டி வந்தாலும் சரி, வெளியாள் வருகிறார் என்றால் முற்றத்தில் புல் நிற்கக் கூடாது. நின்றால் சோம்பேறி வீடு என்று பேர் கட்டிவிடுவார்கள்.

புல் வெட்டும் எந்திரத்தைத் தம்பி ஒத்தோனியேல் தானே தோளில் மாட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டி மேலே ஏறி வந்து கொடுத்தான்.

"ஞாயித்துக்கிழமை டாக்டரம்மா உன் வீட்டுக்கு வர்றாங்க. முத்தம் காடா கிடக்கு. வெட்டி விடுக்கா."

"பெட்ரோல்?"

"ஊத்தித்தான் கொண்டாந்தேன்."

ருபியேலா அவன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். "உனக்கு என்னடா ஆச்சு? காய்ச்சலா?"

கேட்டால்கூட மூன்று நாள் அலையவிட்டுக் கொடுக்கிறவன் தானே வந்து கொடுத்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் அவளுக்கு அன்றைக்கு இருந்த படபடப்பில் அதெல்லாம் யோசிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையின் மேல்தான் அவளுடைய வீடே நின்றுகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுதோறும் பறவை பார்க்க வருகிறவர்களின் பேருந்து லா கார்மேலியாவுக்கு வரப்போகிறது. ஒரே ஒரு வீட்டு வாசலில்தான் நிற்கும். அங்கேதான் வந்தவர்கள் இறங்குவார்கள், காலைச் சாப்பாடு சாப்பிடுவார்கள், பழத்தட்டுக்கு வரும் பறவைகளைப் பார்ப்பார்கள். ஊரில் பழத்தட்டு வைத்திருப்பது இரண்டே வீடுகள். மேட்டில் ருபியேலா, ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் ஒத்தோனியேல். அவன் தொப்பியும் தொலைநோக்கியும் உள்ள வழிகாட்டி. அவள் பதினோரு வருஷமாகக் காலை ஆறு மணிக்குத் தட்டில் பழம் வைக்கிறவள், அவ்வளவுதான்.

யார் வீடு என்று ஊர்ச் சங்கத்துக் கூட்டத்தில் சண்டை வந்தபோது ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஊர் நுழைவாயிலில் 'தங்காராக்களின் ஊர்' என்று எழுதி வைத்தாயிற்று. பழம் தின்ன வரும் வண்ணவண்ணக் குருவிகளைத்தான் அங்கே தங்காரா என்பார்கள். ஆகவே யார் வீட்டில் தங்காரா வகை அதிகமோ அவர் வீடு. பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். விடிந்ததிலிருந்து பதினோரு மணிவரை, நாற்காலியிலிருந்து கண்ணுக்கு எட்டுவதெல்லாம் கணக்கு. கண்ணுக்கு எட்டுவதெல்லாம் என்று எழுதச் சொல்லி மேசையைத் தட்டியதே ஒத்தோனியேல்தான்.

பட்டணத்தில் இருக்கும் மகள் யெசேனியா இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தனியாக எதற்கு மலைமேல் கிடக்கிறாய், வந்துவிடு அம்மா என்று. போன மாதம் தொலைபேசியில் அவள் அழுதபோது ருபியேலா வாய்தவறிச் சொல்லிவிட்டாள்: "பஸ் என் வாசல்ல நிக்கலன்னா வீட்டைப் பூட்டிட்டு வர்றேன். கன்னிமரியா சாட்சியா சொல்றேன்." மகள் வீடு ஆறாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். ஒரு வாரம் இருந்து பார்த்தவள் அவள். அங்கே போய் இருக்க அவளுக்குக் கொஞ்சமும் விருப்பம் இல்லை, ஆனால் கன்னிமரியாவிடம் சொன்ன வாக்கை மீறுகிற ஆளும் அவள் இல்லை.

*

ஞாயிறு விடியற்காலையில் நயீபே வந்தாள். இருபத்தெட்டு வயசுப் பெண். மருத்துவம் படிக்கவில்லை, பறவைதான் படித்தாள். ஆனாலும் நாலு எழுத்து படித்தவர் எவரானாலும் இங்கே டாக்டரம்மாதான். முந்தின நாள் ஒத்தோனியேல் வீட்டில் உட்கார்ந்து எண்ணி முடித்திருந்தாள்.

"அங்க எத்தனை?" ருபியேலா அரேப்பா என்கிற சோள ரொட்டியையும் சூடான வெல்லத்தண்ணீரையும் நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"பதினேழு, தோன்யா ருபியேலா. நீங்க பதினெட்டு காட்டணும்." மரியாதைக்கு அம்மா என்பதை அங்கே தோன்யா என்பார்கள்.

ருபியேலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டா! இடுப்புத்துணியில் செருகியிருந்த பள்ளிக்கூட நோட்டை எடுத்து மேசையில் போட்டாள். "இருபத்திரண்டு இருக்கு இதுல. ஒவ்வொண்ணும் எப்ப வரும், யாரோட சண்டை போடும், எல்லாம் எழுதியிருக்கேன்."

நயீபே நோட்டைப் புரட்டினாள். பக்கங்களுக்குத் தலைப்பு இருந்தது. 'மரியாதைக்காரர்கள்' என்று ஒன்று, காத்திருந்து தின்பவை. 'இடித்துத் தள்ளுகிறவர்கள்' என்று ஒன்று. 'துப்புகிறவர்கள்' என்று ஒன்று. பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு பிரிவினையை அவள் படித்ததில்லை.

"யார் சொல்லிக் குடுத்தாங்க இதை?"

"யார் சொல்லணும்? பந்தியில உக்காந்தா யார் எப்படின்னு தெரிஞ்சிடாதா?"

வெளிச்சம் வந்ததும் தட்டுக்குக் கூட்டம் வந்தது. தங்கநிறத் தங்காரா முதலில். பிறகு நீலக்கழுத்து, செம்மண் தலை, சாம்பல்நீலம். ஆறரைக்கு, கொலம்பியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத அந்தப் பலவண்ணத் தங்காரா, பச்சையும் மஞ்சளும் நீலமுமாகத் தட்டின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தபோது நயீபேவே பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தாள். ஏழு மணிக்குள் ஒன்பது கோடு விழுந்தது. ருபியேலா மனசுக்குள் பேருந்து வந்து நின்று ஹாரன் அடித்தது.

அப்புறம் வந்தது நீலத்தலையும் பச்சை உடம்புமாக ஒரு குண்டுப் பறவை. ருபியேலாவின் செல்லம்.

"பத்து!" என்றாள்.

நயீபே கோடு போடவில்லை. "இது தங்காரா இல்லீங்க, தோன்யா."

"என்னது?"

"முன்னாடி தங்காராவுலதான் வச்சிருந்தாங்க. இப்ப மாத்திட்டாங்க. அந்த மஞ்ச வயிறு, கருநீல முதுகுக் குட்டிப் பறவை இருக்கே, அதுவும் இதுவும் இப்ப ஃபிஞ்ச் குடும்பம். கூண்டுல வளக்கிற வெளிநாட்டுக் கானரி இருக்கில்ல, அதுக்குப் பங்காளி."

"மாத்திட்டாங்கன்னா? யாரு மாத்துனது? இத்தனை வருஷமா என் கையால தின்னுது, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா எவனாவது?"

"கோவிச்சுக்காதீங்க. நான் மாத்தல."

கோபம் வராமல் என்ன செய்யும்? அரை மணி நேரத்தில் முழுச்சிவப்பாக ஒன்று வந்தது; வடக்கே குளிருக்குப் பயந்து ஒவ்வொரு அக்டோபரிலும் இறங்கி வருவது. அதுவும் இல்லையாம், கார்டினல் குடும்பமாம். புதர்த் தங்காரா என்று ஊரே கூப்பிடும் சாம்பல்தலைக் குருவியும் இல்லையாம். நாலு பேர் போய்விட்டார்கள். ருபியேலா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"சாயங்காலத்துக்குள்ள என்னையும் ருபியேலா இல்லன்னு சொல்லிடுவீங்க போலிருக்கு."

நயீபே சிரித்தாள். ருபியேலாவுக்கு ஆத்திரமாக வந்தாலும், ஆத்திரத்துக்கு அடியில் வேறொன்று அரித்துக்கொண்டே இருந்தது. கேட்காமல் விட்டால் தூக்கம் வராது.

"சரி, எப்படிக் கண்டுபிடிச்சாங்க? அதைச் சொல்லுங்க."

"ரத்தத்துல. றெக்கைக்கு அடியில ஒரே சொட்டு எடுத்துட்டு விட்டுடுவாங்க. அதுல இருக்கு யார் யாருக்கு உறவுங்கறது. அந்தக் காலத்துல உருவத்தைப் பார்த்துப் பிரிச்சாங்க. கலரா இருந்து பழம் தின்னா தங்காரா. தடிச்ச அலகோட விதை தின்னா வேற ஆளு. ஆனா அலகை நம்ப முடியாது. சாப்பாட்டுக்குத் தக்கபடி அலகு மாறிடும்."

"வேலைக்குத் தக்கபடி கை காச்சுப்போற மாதிரி."

"அதேதான். ஆனா இது ஒரு ஆயுசுல நடக்கிறதில்ல, லட்சக்கணக்கான வருஷம்."

ருபியேலா தன் செல்லக் குண்டனைப் பார்த்தாள். அது பழத்தை அலகால் நசுக்கித் தோலைத் துப்பிக்கொண்டிருந்தது. மெதுவாகச் சொன்னாள்: "இதுக கூடு கட்டறது வேற மாதிரிதான். மத்ததெல்லாம் கிண்ணம் மாதிரி கட்டும். இதுகளும் அந்த மஞ்ச வயித்துக்காரனும் கூரை வச்சு, பக்கத்துல வாசல் விட்டுக் கட்டும். எழுதிக்கூட வச்சிருக்கேன். என்னடா நம்ம வீட்டுப் பிள்ளைக மாதிரி இல்லியேன்னு அப்பவே நினைச்சேன்."

நயீபே அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தாள். ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி. "தோன்யா, இதுக்குப் போய் நாங்க ரத்தம் எடுத்தோம் பாருங்க," என்றாள்.

பாராட்டு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாராட்டுக்குக் கோடு விழாதே. ருபியேலா பெருமூச்சு விட்டாள்.

பிறகு கொஞ்சம் நம்பிக்கை வந்தது. போனவர்களுக்குப் பதிலாகச் சிலர் குடும்பத்துக்குள் வந்திருந்தார்கள். சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தில் முங்கும் குட்டி மஞ்சள்வயிற்றுத் தேனுறிஞ்சி, பூவின் அடியைக் கிழித்துத் தேன் திருடும் கொக்கி அலகுக்காரன், பப்பாளியில் குழி தோண்டும் தடியலகுப் பாடகன். மூன்றையும் ருபியேலா எந்தப் பக்கத்திலும் சேர்த்திருக்கவில்லை. மூன்றும் தங்காராவாம்! தட்டுக்குப் புதிதாக வந்த இன்னும் இரண்டையும் சேர்த்து, பத்து மணிக்குப் பதினாலு கோடு.

இன்னும் நாலு. பறவைகள் பசியாறிப் போய்விட்டன. தட்டில் அணில்தான் இருந்தது. மேற்கே கடல் பக்கமிருந்து மூடுபனி கணவாயை ஏறத் தொடங்கியிருந்தது. அது வந்து கவிழ்ந்தால் தன் மூக்கே தனக்குத் தெரியாது.

"என் தம்பி வீட்டுல மட்டும் பதினேழு எப்படி வந்துச்சு? அவன் தட்டுக்கு என் தட்டுல பாதிகூட வராதே," என்று கேட்டாள் ருபியேலா.

"தட்டுக்குப் பதினொண்ணுதான் வந்துச்சு. ரெண்டு உங்க வீட்டு மரத்துல. தொலைநோக்கியத் திருப்பிக் காட்டினாரு, விதி அப்படித்தான் இருக்கு. மிச்சம் நாலு புல்லுல."

"புல்லுலயா?"

"ஆமா. புல்விதை தின்னுமே, சின்னதா, கருப்பும் சாம்பலுமா. அதெல்லாம் இப்ப தங்காராதான். இங்க கானரின்னு கூப்பிடறீங்களே அந்த மஞ்சக் குருவி, அதுவும்."

ருபியேலா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கானரின்னு கூப்பிட்டது தங்காரா. தங்காரான்னு கூப்பிட்டது கானரிக்குச் சொந்தம். நல்லாருக்கு ஞாயம்!"

"உங்க தம்பி வீட்டுல புல் இடுப்பு உயரம் நிக்குது. நல்ல விளைச்சல்."

சொல்லிவிட்டு நயீபே வெல்லத்தண்ணீரைக் குடித்தாள். ஒத்தோனியேல் வீட்டுப் புல்லா? மாதம் இரண்டு முறை முற்றத்தைச் சிரைக்கிறவன் ஆயிற்றே அவன். எருமை மேய்ந்தாலும் வாய்க்கு ஒன்றும் கிடைக்காத முற்றம் ஆயிற்றே அது. ருபியேலா திரும்பித் தன் முற்றத்தைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைவரை நின்ற புல். அதில் நாள் பூராவும் கிடக்கும் கருப்புக் குருவிகள். கதிரோடு வெட்டி, அள்ளி, குழியில் போட்டு, நல்ல பிள்ளையாக எரித்தும் விட்டாள்.

எந்திரம் ஏன் தானாக ஓடை தாண்டி வந்தது என்று இப்போது புரிந்தது. வழிகாட்டிகளுக்குப் புதுப் பட்டியல் வந்திருக்கும். படித்திருப்பான். பெட்ரோல் வேறு ஊற்றிக்கொண்டு வந்தான், பாவி.

"அடப்பாவி," என்று வாய்விட்டே சொன்னாள். "கூடப்பொறந்தவன் செய்யிற வேலையா இது? நெத்தியில கைவச்சுப் பார்த்தேனே அவனை!" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோற்பதுகூடப் பெரிதில்லை. தன் கையாலேயே தன் முற்றத்தை வெட்ட வைத்தானே, அதுதான் தாங்கவில்லை.

நயீபேவுக்கு விஷயம் விளங்க இரண்டு நிமிஷம் ஆனது. விளங்கியதும் பாவமாக இருந்தது. "நான் ஒண்ணும் செய்ய முடியாது, தோன்யா. பாக்கிறதைத்தான் எழுத முடியும்."

"அவன் என் மரத்துல ரெண்டு எண்ணுனான்னீங்களே?"

"ஆமா. நாற்காலியிலருந்து கண்ணுக்கு எட்டினா..."

நயீபே நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். கீழே, நன்றாகத் தெரியும் தூரத்தில், ஒத்தோனியேல் பாடுபட்டு வளர்த்த புல் காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

"திருப்புங்க அதை," என்றாள் ருபியேலா.

முக்காலியில் நின்ற நயீபேவின் தொலைநோக்கி திரும்பியது. முதல் பார்வையிலேயே வேலிக்கம்பியில் மூன்று மஞ்சள் கானரிகள். பதினைந்து. கதிரை வளைத்துத் தொங்கிக்கொண்டு கருந்தலையும் வெளிர்மஞ்சள் வயிறுமாக ஒன்று. பதினாறு. முகத்தில் மஞ்சள் மீசை வைத்த பச்சைக்குருவிக்குப் பத்து நிமிஷம் பிடித்தது; ருபியேலாதான் முதலில் பார்த்தாள். பதினேழு.

"இன்னும் ஒண்ணுதான். நேத்து அங்க ஒரு நீலக்கருப்பன் இருந்தான்," நயீபே கிசுகிசுத்தாள். "மசி கொட்டின மாதிரி இருப்பான். புல்லுக்குள்ளயே கிடப்பான், வெளிய தெரியமாட்டான். ஆனா அப்பப்ப தண்டு நுனிக்கு ஏறி, செங்குத்தா ஒரு குதி குதிச்சு அதே இடத்துல இறங்குவான். அந்தக் குதியத்தான் பிடிக்கணும்."

பத்தே முக்கால். பனி மேட்டுத் தோட்டத்தை விழுங்கிவிட்டுக் கோழிக்கூட்டை எட்டிப் பார்த்தது. ருபியேலா கண்ணை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். புல், புல், புல். பிறகு புல்லுக்கு நடுவே ஒரு தொப்பி.

ஒத்தோனியேல் கையில் வாளியோடு வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தான். அவன் கோழிக்கூட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை புல்லைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். நாலு எட்டு வைத்தால் போதும், எல்லாம் பறந்துவிடும்.

"போச்சு," என்றாள் நயீபே.

பாதி வழியில் அவன் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தான். மேட்டில் தொலைநோக்கி தன் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? கண்ணாடி வழியாக ருபியேலா அவன் முகத்தை ஒரு முழம் தூரத்தில் வைத்துப் பார்த்தது போலப் பார்த்தாள். முதலில் திகைத்தான். பிறகு திருட்டுமுழி முழித்தான். அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"நட," என்று அவள் பல்லைக் கடித்தாள். "நடடா, நட. அதையும் செஞ்சு முடி."

அவன் நடக்கவில்லை. தூக்கிய காலை மெல்ல, மிக மெல்லக் கீழே வைத்தான். வாளியைக்கூட இறக்கவில்லை, இறக்கினால் சத்தம் வரும். வாளி கனத்தில் தோள் ஒரு பக்கம் சாய, புல்லுக்கு நடுவே அப்படியே நின்றான். தொப்பிக்குக் கீழே வியர்வை வழிந்தது. துடைக்கவில்லை. ஒரு ஈ கன்னத்தில் உட்கார்ந்தது. ஓட்டவில்லை. சின்ன வயசில் பூசையின்போது ஒரு நிமிஷம் சும்மா நிற்காமல் அம்மாவிடம் அடி வாங்கியவன் அவன்.

இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷம். கோழிகள் பசியில் கத்தின. பனி ருபியேலாவின் முதுகைத் தொட்டது.

அவன் முழங்கையிலிருந்து இரண்டடி தள்ளி, ஒரு புல் தண்டு வளைந்தது. கருநீலமாக ஒன்று அதன் நுனிக்கு ஏறியது. சிலிர்த்தது. செங்குத்தாக மேலே குதித்து, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, அதே தண்டில் வந்து உட்கார்ந்தது.

"பார்த்தீங்களா?" ருபியேலா கிசுகிசுத்தாள். நயீபே தன் இருகண் நோக்கியை இறக்கிவிட்டுக் கோடு போட்டாள். பதினெட்டு. மணி பத்து ஐம்பத்து மூன்று என்றும் எழுதினாள்.

கீழே ஒத்தோனியேல் இன்னும் நின்றுகொண்டிருந்தான். ருபியேலாவுக்குக் கோபம் போகவில்லை. அது போக நாளாகும், அவள் குணம் அப்படி. ஆனாலும் எழுந்து வேலிவரை போய், கையைக் குவித்துக் கத்தினாள்.

"போதும்டா, நகரு!"

"எண்ணியாச்சா?"

"ஆச்சு!"

"எத்தனை?"

"உன்னைவிட ஒண்ணு கூட!"

பனி பள்ளத்துக்குள் இறங்கி அவனைப் பாதி மறைத்துவிட்டது. பிறகு வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அவன் குரல் ஒரு மாதிரி உடைந்து வந்தது.

"நேத்துத்தான் யெசேனியா போன்ல சொன்னா. அப்ப நீ அவ வீட்டுக்குப் போகலையேக்கா?"

பனிக்குள் அவனுக்குத் தெரியாது என்பதை மறந்து ருபியேலா இல்லை என்று தலையை ஆட்டினாள். நயீபேதான் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பனிக்குள் பார்த்துக் கத்தினாள்.

"போகலையாம்!"